தீவைச் சுற்ற எதை வாங்கலாம்: பினாங்கு சைக்கிள் வழியின் பானமும் பசியாறலும், ஒரு மதிப்பீடு

பினாங்குத் தீவை சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 70 கி.மீ. ஜோர்ஜ்டவுனில் கிளம்பி தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங், பாலிக் பூலாவ், தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் வழியாகத் திரும்ப, நிதானமாக மிதிப்பவருக்கு நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். வழியெல்லாம் கடைகள். பினாங்கில் ஒருவர் பட்டினியாக வீடு திரும்புவதென்றால் அது வேண்டுமென்றே செய்த காரியம்தான். இருந்தும் தனியாகப் போகிறவர்களில் பலர் பாலிக் பூலாவ் தாண்டிய கெந்திங் மேட்டில் கால் ஓடாமல் நின்றுவிடுகிறார்கள். கையில் கிடைத்ததை வாங்கி, பசித்தபோது சாப்பிட்டு, தாகம் எடுத்தபோது குடித்தால் அப்படித்தான் ஆகும். இந்தத் தீவில் கடையை நம்பலாம், ஒரே ஒரு துண்டு வழியைத் தவிர. ஆனால் உப்பை மட்டும் எந்தக் கடையையும் நம்பாமல் வீட்டிலிருந்தே எடுத்துப் போக வேண்டும்.

முதலில் கணக்கு. உடம்பில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, தொடர்ந்து அழுத்தி மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். அதற்குமேல் போக மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். சர்க்கரையும் இதில் சேர்த்தி. நான்கு மணி நேரத்துக்கு 160 முதல் 240 கிராம். தண்ணீர் மணிக்கு 600 முதல் 800 மி.லி. என்று தொடங்கலாம். வியர்வை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் சொந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது. கிளம்பும் முன் எடை, திரும்பியதும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி எடை. 2 மணி நேரத்தில் 1.2 கிலோ குறைந்து, நடுவில் 1 லிட்டர் குடித்திருந்தால், போன வியர்வை 2.2 லிட்டர், மணிக்கு 1.1 லிட்டர். அத்தனையையும் குடித்து ஈடுகட்டத் தேவையில்லை. 70 கிலோ ஆளுக்கு 1.4 கிலோவுக்குமேல், அதாவது எடையில் 2 விழுக்காட்டுக்குமேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். குறைவதற்குப் பதிலாக எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பவர்களும் உண்டு, அது இரட்டை ஆபத்து.

வியர்வை ஒரு லிட்டரில் சோடியம் சிலருக்கு 200 மில்லிகிராம், சிலருக்கு 2,000 வரை. பொதுவாக ஆயிரத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம். சட்டை காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழுகிறதா, கண்ணில் வியர்வை எரிகிறதா, நீங்கள் உப்புக் கட்சி.

இனி போத்தல் பானங்கள். எல்லாக் கடையிலும் கிடைப்பது 100 பிளஸ். ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் தன் நூறாம் ஆண்டில், 1983இல் விட்ட சரக்கு. அதற்குப் போட்டியாக அடுத்த தட்டில் நிற்பது போக்காரி ஸ்வெட். சோடியத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. லேபிள் கணக்கில் லிட்டருக்கு 450, 500 மி.கி. அளவில் வரும். அதாவது சராசரி வியர்வையில் போகும் உப்பில் பாதிதான் திரும்பக் கிடைக்கிறது. ஒரு மணி நேரப் பந்தாட்டத்துக்கு அது போதும். நான்கு மணி நேர வெயிலுக்குப் போதாது. விளையாட்டுப் பானம் என்ற பெயரைப் பார்த்து உப்புக் கவலை தீர்ந்தது என்று நினைப்பதுதான் இந்த வழியில் நடக்கும் முதல் பிசகு.

இரண்டாவது பிசகு சர்க்கரையில். 100 மி.லி.க்கு 5 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கும் பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் மலேசியாவில் வரி வந்தது. அதற்குப் பிறகு பல பானங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டன. சர்க்கரை நோய் கண்ட வீடுகளுக்கு நல்ல செய்தி, சைக்கிள்காரருக்கு கணக்கு மாறிப்போன செய்தி. 5 கிராமுக்குக் கீழே என்றால் 500 மி.லி. போத்தல் முழுவதும் குடித்தாலும் 25 கிராம் தேறாது. மணிக்கு 50 கிராம் வேண்டிய ஆள் அந்தப் பானத்தை மட்டும் நம்பினால் மூன்றாம் மணியில் கடனில் இருப்பார். 'ஜீரோ' என்று எழுதிய வகைகளில் எரிபொருளே இல்லை. குளிர்பெட்டியில் கை அவசரமாகத் துழாவும்போது நிறத்தை வைத்து எடுக்காமல் எழுத்தைப் படித்து எடுங்கள்.

வழக்கமான 100 பிளஸில் வாயு உண்டு. மேடேறும்போது குனிந்த வயிற்றில் வாயு சேர்ந்தால் ஏப்பமாக வராது, நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்கும். சைக்கிள் போத்தலில் ஊற்றி மூடினால் குலுக்கலில் வாய்க்குழல் வழியே பீச்சியடிக்கும், சட்டகம் முழுவதும் பிசுபிசுப்பு. வாயு இல்லாத வகையும் விற்கிறார்கள். கிடைத்தால் அதையே எடுக்கலாம். கிடைக்காவிட்டால் முந்தின இரவே மூடியைத் திறந்து வைத்துவிடுங்கள், அல்லது இரண்டு குவளைகளுக்கிடையே தே தாரிக் இழுப்பதுபோல் ஏழெட்டு முறை ஆற்றி ஊற்றுங்கள். போக்காரியில் வாயு இல்லை, சர்க்கரையும் 6 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் மிதிக்கும்போது போக்காரி, முடித்தபின் குளிர்ந்த 100 பிளஸ்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நீரேற்று உப்பு) பொட்டலம் வேறு சாதி. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், சோடியம் லிட்டருக்கு 1,700 மி.கி.க்கு மேல். கடைப் பானத்தைப்போல மூன்று மடங்குக்கும் கூடுதல். ஆனால் சர்க்கரை மிகக் குறைவு. வயிற்றுப்போக்குக்காகச் செய்த கலவை, பெடல் மிதிக்க அல்ல. இதை உப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், எரிபொருளைச் சாப்பாட்டில் பாருங்கள். பொட்டலத்தில் எத்தனை மி.லி. என்று எழுதியிருக்கிறதோ அத்தனை தண்ணீர் ஊற்ற வேண்டும். பொட்டலங்கள் வெவ்வேறு அளவில் வருகின்றன. கால் லிட்டர் பொட்டலத்தை முக்கால் லிட்டர் போத்தலில் போட்டால் பெயருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பொட்டலத்தைக் கால் லிட்டரில் கரைத்தால் குமட்டும். இரண்டு பொட்டலம் எப்போதும் பையில் இருக்கட்டும். விலையும் எடையும் ஒரு பொருட்டே அல்ல.

காசுக்கும் பலனுக்கும் இவை எல்லாவற்றையும் வெல்வது வீட்டுக் கலவைதான். 750 மி.லி. போத்தலுக்கு சீனி 45 கிராம் (தட்டிச் சமன் செய்த மேசைக்கரண்டியால் மூன்றரைக்குச் சற்று மேல்), சாதா உப்பு கால் தேக்கரண்டி, லிமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை) நான்கைந்து பிழிந்து விதையை வடித்தது. சர்க்கரை 6 விழுக்காடு. வயிறு தடையின்றி இறக்கிவிடும் அளவு. உப்பு கால் தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 1.5 கிராம், அதில் சோடியம் 590 மி.கி. சீனியில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சரிபாதி என்பதால் விலை உயர்ந்த தூள்கள் பெருமையாகச் சொல்லும் இரட்டைச் சர்க்கரை இதில் தானாகவே இருக்கிறது. செய்யும்போது சீனியையும் உப்பையும் கொஞ்சம் வெந்நீரில் முழுதாகக் கரைத்துவிட்டுத்தான் குளிர்ந்த தண்ணீர் சேர்க்க வேண்டும். நேரே பச்சைத் தண்ணீரில் கொட்டினால் உப்பும் சீனியும் அடியில் தங்கும்; மேல் பாதி சப்பென்றும் கடைசி மடக்கு கடல் தண்ணீராகவும் இருக்கும். வழியில் மறுபடி கலக்க, ஒரு போத்தலுக்கான சீனி உப்பை முன்கூட்டியே அளந்து சிறு ஜிப் பைகளில் போட்டு இரண்டு பை எடுத்துப் போங்கள்.

இனிப்பு கூடக் கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். 8 விழுக்காட்டுக்குமேல் போனால் வயிறு இறக்கிவிடத் தாமதிக்கிறது. பானம் உள்ளே தளும்பிக்கொண்டு நிற்கும். கரும்புச் சாறு, சிராப் பண்டுங், மைலோ ஐஸ் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே. கரும்புச் சாறு கிடைத்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் நல்ல பானமாகிவிடும். அப்படியே குடித்துவிட்டு உடனே மேடேறாதீர்கள். மைலோவில் பால் வேறு. இளநீரைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் பக்தி பெரியது. அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியமோ வியர்வைக்கு ஈடாகாது. குளிர்ச்சிக்குக் குடிக்கலாம், உப்புக்காகக் குடிக்க வேண்டாம்.

காலைப் பசியாறல். பினாங்கில் சூரியன் உதிக்க ஏழு மணிக்குமேல் ஆகிவிடும். ஆறரைக்குக் கிளம்ப விளக்கு வேண்டும், ஐந்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். மிதிக்கத் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகச் சாப்பாடு முடிய வேண்டும் என்பதால், லிட்டில் இந்தியாவில் எந்தக் கடை அந்நேரத்தில் அடுப்பு மூட்டியிருக்கிறது என்று முந்தின நாளே கேட்டு வைப்பது உத்தமம். இரவெல்லாம் திறந்திருக்கும் மாமாக் கடைகள் (தமிழ் முஸ்லிம் உணவகங்கள்) இதற்காகவே இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அதிகாலையில் அங்கே இட்லி இருக்காது. கிடைப்பது ரொட்டி சானாய், மேகி கோரெங், முந்தின இரவின் குழம்பு.

இட்லிதான் முதல். நான்கு இட்லியில் 40 கிராமை ஒட்டி மாவுச்சத்து, கொழுப்பு சொற்பம், சாம்பாரில் உப்பும் தண்ணீரும். தேங்காய்ச் சட்டினியை அன்று ஒரு நாளைக்குக் குறைத்துக்கொள்ளலாம். தோசை இரண்டாமிடம், எண்ணெய் குறைவாக என்று சொல்லிவிட்டால் குறையில்லை. இடியப்பம் நாட்டுச் சர்க்கரையோடு என்றால் இட்லிக்குச் சமம், தேங்காய்ப்பூவை மட்டும் பாதியாக்குங்கள். ரொட்டி சானாயின் பிரச்சினை மைதா அல்ல, மாவை ஊறவைத்துத் தட்டி வீசும்போது சேரும் கொழுப்பு. அது வயிற்றில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும். ஒன்று சாப்பிடலாம், பருப்போடு. இரண்டும் முட்டையும் சர்டினும் சேர்த்தால் பத்து ஃபெரிங்கி ஏற்ற இறக்கத்திலேயே தெரிந்துவிடும். நாசி லெமாக்கில் தேங்காய்ப்பாலும் சம்பாலும் சேர்ந்து நெஞ்செரிச்சலுக்கு உத்தரவாதம். நாசி கண்டாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது திரும்பி வந்தபின் கிடைக்கும் சம்பளம்.

கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) ஒன்று குடிக்கலாம், நல்லதே. பால் கலந்த தே தாரிக் சிலருக்கு மேட்டில் தொந்தரவு தரும். பழக்கப்பட்ட வயிறானால் சரி. புதுப் பரீட்சைக்கு அன்றைய நாள் உகந்ததல்ல.

பைக்குள் போகும் தீனியைத் தேர்வு செய்யும்போது இனிப்பு, உப்பு, கொழுப்போடு வெயிலையும் கணக்கில் எடுங்கள். பின்பாக்கெட்டில் உடம்புச் சூடும் வெளிச் சூடும் சேரும். சாக்லேட் பூசிய பார் எதுவும் ஒரு மணி நேரத்தில் குழம்பாகிவிடும். உறையை நக்க வேண்டிவரும். எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் இங்கே அது தோல்வி. எனர்ஜி ஜெல் (சிறு பொட்டலத்தில் வரும் கெட்டிச் சர்க்கரைக் கூழ்) உருகாது, ஒரு பொட்டலத்தில் 20 முதல் 25 கிராம், வேகமாக வேலை செய்யும். ஆனால் ஒரு ஜெல் வாங்கும் காசில் பசாரில் ஒரு சீப்பு பிசாங் மாஸ் (சிறு வாழைப்பழம்) வாங்கலாம். ஜெல்லோடு இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும், இனிப்புப் பானத்தோடு சேர்த்தால் செறிவு ஏறி வயிறு பிரட்டும். இரண்டை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் தேடுங்கள்.

பிசாங் மாஸ் ஒன்றில் பத்து, பன்னிரண்டு கிராம் மாவுச்சத்து. இரண்டு கடியில் முடியும், தோலே உறை. பச்சைக் காம்பு இருக்கும் பழமாக எடுங்கள். நன்றாகப் பழுத்தது காலை பத்துக்குள் பாக்கெட்டில் பஞ்சாமிர்தமாகிவிடும். பிசாங் பெராங்கான் பெரியது, ஒன்றுக்கு இரு மடங்கு வரும், ஆனால் பையை அடைக்கும்.

பேரீச்சம்பழம் இந்த வழியின் ராஜா. சாதா வகையில் பழத்துக்கு ஐந்தாறு கிராம், மெட்ஜூல் வகையில் 18 கிராம் வரை. வெயிலில் கெடாது, நசுங்கினாலும் நஷ்டமில்லை. விதையை வீட்டிலேயே எடுத்துவிட்டு, உள்ளே ஒரு துளி உப்புத் தூவி மூடினால் சர்க்கரையும் சோடியமும் ஒரே வாயில். விதையோடு கொண்டுபோய் இறக்கத்தில் ஒரு கையால் சாப்பிடுவது தொண்டையில் விதை சிக்க வழி.

பினாங்குக்கே உரிய இன்னொன்று தாம்புன் பிஸ்கட், பயற்றம்பருப்பு பூரணம் வைத்த சிறு உருண்டை. இனிப்பும் உப்பும் ஒரே கடியில், வெயிலுக்கு அசராது, நாள் கணக்கில் நிற்கும். குறை என்னவென்றால் வாயில் மாவாக உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். மூச்சு வாங்கும்போது போட்டால் புரையேறும். நின்று சாப்பிட ஏற்றது. சில கடைகள் பன்றிக் கொழுப்பில் செய்வதால், சைவக்காரர்களும் முஸ்லிம்களும் பெட்டியைப் படித்து வாங்குங்கள். கடலை மிட்டாய் சுவைதான், வெயிலில் வெல்லம் இளகிக் காகிதத்தோடு ஒன்றாகிவிடும். முறுக்கும் கச்சாங் பூத்தேயும் இனிப்பு திகட்டிய மூன்றாம் மணியில் அமிர்தம். எண்ணெய்ப் பண்டம் என்பதால் ஒரு கைப்பிடிக்குமேல் வேண்டாம்.

பெட்ரோல் நிலையக் கடையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் நல்ல சரக்கு கையா பன் (தேங்காய்ப்பால், முட்டை ஜாம் வைத்தது). மலிவு, நசுக்கினாலும் சாப்பிடலாம், கொழுப்பு அதிகமில்லை. அதன் பக்கத்தில் பளபளப்பாக நிற்கும் சாசேஜ் பன்னை விட்டுவிடுங்கள்.

இனி வழி. ஜோர்ஜ்டவுனில் இருந்து தெலுக் பஹாங் வரை ஏறத்தாழ 20 கி.மீ., கடைக்குக் குறைவில்லை, நிற்கத் தேவையும் இல்லை. கிளம்பி முதல் அரை மணியில் ஒன்றும் வேண்டாம், பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று நான்கு மடக்கும் ஒரு வாய்த் தீனியும். கைக்கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். தனியாகப் போகிறவருக்கு 'சாப்பிட்டியா' என்று கேட்க ஆளில்லை.

தெலுக் பஹாங் வட்டச் சாலைதான் இந்தச் சுற்றின் நிர்ணயமான நிறுத்தம். அங்கிருந்து பாலிக் பூலாவ் வரை ஏறக்குறைய 20 கி.மீ. அணைக்கட்டைத் தாண்டி வளைந்து ஏறும் மேடு, தித்தி கெராவாங் அருவிப் பக்கம், பிறகு இறக்கம். வழியோரத்தில் பழத் தட்டிகள், ஜாதிக்காய் ஜூஸ் கடைகள் உண்டு. வார இறுதியில் திறந்திருக்கும், வார நாள் காலையில் பூட்டிக் கிடக்கலாம். திறந்திருந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம்பிப் போகாதீர்கள். இரண்டு போத்தலையும் தெலுக் பஹாங்கில் கழுத்துவரை நிரப்பி, மேட்டுக்குக் கால் மணி நேரம் முன்னதாக 30 கிராம் மாவுச்சத்து உள்ளே தள்ளிவிட வேண்டும்: மூன்று பிசாங் மாஸ், அல்லது ஐந்தாறு பேரீச்சை. மேட்டில் வேகம் மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழே போகும், காற்று வீசாது, வியர்வை உலராமல் கொட்டும். தட்டையான சாலையில் அரை மணிக்கு 300 மி.லி. போதுமென்றால் இங்கே 500 வரை போகும்.

பலர் செய்வது இதற்கு நேர்மாறு. எடை கூடுமே என்று ஒரு போத்தலைக் காலியாக வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். 750 மி.லி. தண்ணீர் முக்கால் கிலோ, உண்மைதான். அந்த முக்கால் கிலோ மேட்டில் எடுக்கும் கூடுதல் நேரம், தண்ணீர் தீர்ந்து நிழலில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

வழியோர ஜாதிக்காய் ஜூஸ் திறந்திருந்தால் ஒரு குவளை குடித்துப் பார்க்கலாம். பழத்தின் சதையில் செய்வது, காரச் சாயல் கொண்ட இனிப்பு, வயிற்றுக்கு இதம். உப்பு கிடையாது. டுரியான் பருவத்தில் தட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள், வாசனை மேட்டின் பாதிவரை வரும். அதில் சர்க்கரையோடு கொழுப்பும் அதிகம். இரண்டு சுளையோடு நிறுத்த முடிந்தவர்கள் நிற்கலாம். அப்படி ஒருவரும் இல்லை.

பாலிக் பூலாவ் வந்ததும் உட்கார்ந்து சாப்பிடும் நிறுத்தம். ஊர் பெயர் பெற்றது லக்சாவுக்கு. அரிசி நூலும் மீன் புளிக் குழம்பும் என்பதால் கொழுப்பு குறைவு, உப்பு நிறைய. மிதிவண்டிக்காரருக்கு கேட்டு வாங்கிய மாதிரி அமைந்த பண்டம். சியாம் லக்சாவில் தேங்காய்ப்பால் சேரும், அசாம் லக்சாவைக் கேளுங்கள். மிளகாய் ஒத்துக்கொள்ளாதவர்கள் சம்பலைத் தொடாமல் விடலாம், ஏனென்றால் அடுத்த 10 கி.மீ.யில் கெந்திங் மேடு. சைவக்காரருக்கு பசார் பக்கத்துக் கூய் (மலாய்ப் பலகாரம்) தட்டுகள் உண்டு. பூலுட் இந்தி போன்ற ஒட்டரிசிப் பண்டம் வாழையிலையில் வரும், சர்க்கரையும் அரிசியும் சேர்ந்து நல்ல எரிபொருள். காலையில் வாங்கி உடனே சாப்பிடுங்கள், தேங்காய்ப்பூ இருப்பதால் பையில் போட்டு மதியம்வரை வைத்தால் புளித்துவிடும். ஓண்டே ஓண்டே கையில் எடுத்துக் கடித்தால் உள்ளிருக்கும் குலா மலாக்கா (வெல்லப் பாகு) சட்டையில்தான் தெறிக்கும்.

மாமாக் கடையில் உட்கார்ந்தால் கேட்க வேண்டியது: 'அண்ணே, லிமாவ் ஐஸ் அசாம் பொய் ஒண்ணு.' உப்பில் ஊறிய ப்ளம் இரண்டு, எலுமிச்சை, சீனி, ஐஸ். ஓர் ஒட்டுக்கடைப் பையன் அரை நிமிடத்தில் கலந்து தரும் இந்தக் குவளை, குளிர்பெட்டியின் பல போத்தல்களைவிட உப்பில் தேறும். ப்ளமைக் கரண்டியால் நசுக்கிக் கலக்குங்கள், அப்போதுதான் உப்பு இறங்கும், கொட்டையை விழுங்காதீர்கள். பினாங்கில் அம்ரா காய் ஜூஸும் அதே அசாம் பொய் போட்டு வரும், புளிப்பு கூடுதல், காலி வயிற்றில் எரிக்கும். கிளம்பும்போது இன்னொரு வேண்டுகோள்: போத்தலை நீட்டி ஐஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள். பானம் வாங்கியவரிடம் யாரும் மறுப்பதில்லை. அதன்மேல் தண்ணீரும் பையில் இருக்கும் சீனி உப்புப் பொட்டலமும். குளிர்ந்த பானம் உள்ளேயிருந்து சூட்டைக் குறைக்கிறது, கூடவே குடிக்கும் அளவும் தானாக ஏறுகிறது. வெந்நீராகிப்போன போத்தலை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை.

சில்லறைக் கடை வாசலில் நிற்கும் குடிநீர் இயந்திரம் நல்ல வசதி, சில நாணயங்களில் போத்தல் நிறையும். உரிம ஸ்டிக்கரும் வடிகட்டி மாற்றிய தேதியும் ஒட்டியிருக்கும் இயந்திரமா என்று பாருங்கள். குழாய் வாயில் பாசி தெரிந்தால் அடுத்ததைத் தேடுங்கள். 10, 20 சென் நாணயங்கள் பத்து தனியாக இருக்கட்டும், கைப்பேசிப் பணம் இந்த இயந்திரங்கள் எல்லாவற்றிலும் செல்லும் என்று சொல்ல முடியாது.

கெந்திங் மேடு நீளமில்லை, ஆனால் சாப்பிட்ட கையோடு ஏறினால் கஷ்டம். கால் மணி நேரம் மெதுவாக மிதித்துவிட்டு ஏறுங்கள். தெலுக் கும்பாருக்குப் பிறகு கடைகள் மறுபடி நெருங்கிவிடும். கடைசிப் பகுதி, பத்து மாவுங்கில் இருந்து கடலோரமாக ஜோர்ஜ்டவுன் வரை, தட்டை. அதனால் அலட்சியம் வரும். நேரமோ பத்து, பதினொன்று. நிழல் இல்லை, வெப்பம் 31, 32 பாகையைத் தொடும், கான்கிரீட்டின் சூடு வேறு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு இதுதான் இடம். ஒரு போத்தலில் அது, மற்றதில் வெறும் தண்ணீர், தலையிலும் கழுத்திலும் ஊற்ற. இனிப்புப் பானத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டவர்களை ஈக்கள் வீடுவரை கொண்டுவிடும்.

நாள் பார்த்துக் கிளம்புங்கள். நோன்பு மாதத்தில் பாலிக் பூலாவின் மலாய்த் தட்டிகளும் சில மாமாக் கடைகளும் பகலில் இயங்காது. அந்த மாதம் முழுத் தீனியையும் சுமந்து போக வேண்டும், அல்லது சீனர் கோப்பிக் கடைகளை நம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடும். சீனப் புத்தாண்டு வாரம் எல்லாக் கணக்கும் தலைகீழ். தைப்பூசத்துக்கு மறுதலையாக தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் பானகமும் தாராளம், சைக்கிள் ஓட்டத்தான் இடமிருக்காது.

தனியாகப் போகிறவர் கடைக்குள் போகும்போது சைக்கிளை யார் பார்ப்பது? ஆகவே கடையைத் தேர்ந்தெடுக்கும்போது சாப்பாட்டைவிட மேசை இருக்கும் இடம் முக்கியம். வாசலை ஒட்டிய மேசை, சைக்கிளைத் தொடும் தூரம். குளிர்சாதன மினிமார்க்கெட்டில் வரிசையில் நிற்பதைவிட ஒட்டுக்கடை மேல். மெல்லிய கம்பிப் பூட்டு ஒன்று இருக்கட்டும், கைப்பேசியையும் சைக்கிள் கணினியையும் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். ரொக்கம் 50 ரிங்கிட், பெரிய நோட்டாக வேண்டாம். காலை ஏழு மணிக்கு சில்லறை கிடையாது.

இரண்டு ஜெல்லோ பத்துப் பேரீச்சையோ தொடாமல் கடைசிவரை இருக்கட்டும். திருப்பத்தைக் கவனிக்காமல் நேரே போவது, காரணமில்லாமல் எரிச்சல், குளிர் வியர்வை என்று வந்தால் சர்க்கரை இறங்குகிறது: நின்று அதில் பாதியைச் சாப்பிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். வெயிலில் உடம்பு சிலிர்ப்பது, வியர்வை நிற்பது, பேச்சுக் குழறுவது வேறு விஷயம். அது தீனியால் தீராது. நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், அவசர உதவிக்கு 999.

முடித்தபின் உப்புப் போட்ட மோர் இரண்டு குவளை, சோறு, ரசம். அரை மணிக்குள் சாப்பிட்டால் மறுநாள் கால் நன்றி சொல்லும். மோரை வழியில் போத்தலில் கொண்டுபோகும் யோசனை மட்டும் வேண்டாம், வெயிலில் புளித்துவிடும்.

போத்தலை அன்றே கழுவ வேண்டும். சீனித் தண்ணீர் இருந்த போத்தலை மூடியோடு அப்படியே போட்டுவிட்டால் வாய்க்குழலுக்குள் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். வாய்க்குழலைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் சிறு தூரிகையால் தேய்த்து, மூடி திறந்தபடி கவிழ்த்துக் காயவையுங்கள். வாடை போகாவிட்டால் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி சோடா உப்புப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிடலாம். அதற்கும் அசையாத போத்தலைத் தூக்கிப்போட்டுவிடுங்கள், புதியது 750 மி.லி.யாகவே வாங்குங்கள்.